முந்தானையில் விழாத முடி

இல்லீங் அம்மிணி, பைய மேல வெக்க வேண்டாமுங். கீழயும் வேண்டாம். என்ற மடியிலயே இருக்கட்டும். பாரமெல்லாம் ஒண்ணும் இல்லீங், தூக்கிப் பாத்தா காத்தாட்டம் இருக்கும். கண்டக்டர் அப்பிடித்தான் சத்தம் போடுவாரு, அவரு கெடக்கறாரு. நீங்க ஜன்னலோரம் நல்லா நகந்து உக்காருங்க. கொழந்தைக்குக் காத்து வரட்டும்.

அட, என்ன சுருட்டைங்க இது! பொண்ணுங்களா பையனுங்களா? பையனா. இன்னும் மொட்டை எடுக்கலியாட்ட இருக்குது. எந்தக் கோயிலுக்குங்? சென்னிமலையா, நல்லது. தாய்மாமன் இருக்கறாருங்களா? அவரு மடியில உக்கார வெச்சு மொறையா எடுங்க. இந்தக் காலத்துப் புள்ளைக பண்ணற மாதிரி கடையில கொண்டு போயி உக்கார வெச்சுப்போடாதீங்க. சும்மா சொல்லலீங், பட்டுத்தான் சொல்றேன்.

நானுங்களா? பால்வாடி டீச்சருங்க. ஊஞ்சக்காட்டுல கலாமணி டீச்சர்னா தெரியாத ஆளில்ல. இப்ப அங்க பால்வாடியே இல்லீங். பூட்டிப்போட்டாங்க. என்னையத் தூக்கி மூலனூருக்கும் அக்கட்டால ஒரு காட்டுல போட்டுட்டாங்க. காலங்காத்தால எந்திரிச்சு ரெண்டு பஸ் மாறிப் போறேன். இன்னைக்கு லீவு போட்டுருக்கறேன், கோயில் வேலை ஒண்ணு. ஆரால இத்தனையும்னு கேளுங்க. ஒரு சாண் முடியால. நம்புவீங்களா? ஒரு இந்திக்காரப் பையனோட ஒரு சாண் முடி.

முன்னெல்லாம் பால்வாடி நெறையக் கொழந்தைக இருந்துதுங்க. இந்த இங்கிலீசு நர்சரிக்காரங்க மஞ்ச வேன ஊருக்குள்ள வுட்டாங்களா, அல்லாரும் புள்ளைகள அதுல ஏத்திட்டாங்க. பால்வாடிக்கு அனுப்பறதுன்னா கேவலமாப் போச்சு. கழுத தேஞ்ச மாதிரி தேஞ்சு, கடைசில ஒரு பாய் விரிச்சாப் போதும்கற நெலைமை. சூப்பர்வைசரம்மா வந்து பாத்துட்டு, "கலாமணி, இப்பிடியே போச்சுன்னா பக்கத்து ஊரு சென்டரோட சேத்துப்போடுவாங்க, அப்பறம் என்னையச் சொல்லாத"ன்னுட்டுப் போயிட்டாங்க. எனக்குச் சோறு எறங்குமுங்களா? அந்தக் கட்டடத்துக்கு நாந்தான் நின்னு வெள்ளையடிச்சேன். சுவத்துல மயிலு, யானை, அ, ஆ அத்தனையும் என்ற கையால வரைஞ்சது.

அப்பத்தான் யோசனை வந்துது. ஊருக்குக் கெழக்கால பனியன் கம்பெனி லைன் வீடுக இருக்குதுங். பூராம் இந்திக்காரங்க. பீகாரு, ஒரிசா, இன்னும் எங்கெங்கயோ. ஆணும் பொண்ணும் கம்பெனிக்குப் போயிருவாங்க, கொழந்தைக வாசல்ல மண்ணத் தின்னுட்டுக் கெடக்கும். ஊருக்குள்ள ஒருத்தராச்சும் எட்டிப் பாத்திருப்பாங்களா? நான் போனேனுங்க. எங்கூட ஆயா வேலை பாத்தவ துளசிமணி, "டீச்சர், அவிககிட்ட என்ன பேசறதுங்?"னா. "வான்னு கூப்படறதுக்குப் பாஷை எதுக்குடி?"ன்னேன்.

வீடு வீடாப் போயி, கல்யாணத்துக்கு ஒறம்பரைய அழைக்கற மாதிரி குங்குமம் நீட்டிக் கூப்பிட்டேன். ஆவோ, ஆவோ. இந்தியில வான்னு சொல்ற அந்த ஒரு வார்த்தைதான் எனக்குத் தெரியும். மொத நாளு வாசல்ல பெரிய கோலம் போட்டு, ஆரத்தி சுத்தி, ஆளுக்கொரு செவந்திப் பூவக் கையில குடுத்து உள்ள கூட்டிட்டுப் போனேன். அந்தப் பொம்பளைக முக்காட்ட இழுத்து வுட்டுக்கிட்டு வாசப்படியிலயே நின்னுட்டாளுக. உள்ள வரலாமா, வேண்டாமான்னு தெரியல பாவம். ஒருத்தி அழுதே போட்டா. இந்த ஊருல அவளுகள ஆரு வான்னு கூப்பிட்டிருக்கறா, சொல்லுங்க.

சூப்பர்வைசரம்மா போட்டோ புடிச்சு மேல அனுப்பி, கூட்டத்துல எனக்குச் சால்வை போத்துனாங்க. மைக்கு புடிச்சு நானும் பேசுனேன். "இவங்களும் நம்ம கொழந்தைகதானுங்க, நாம சொல்லற மாதிரி வளத்துனா நாளைக்கு நம்மளாட்டவே ஆயிருவாங்க"ன்னேன். அத்தனை பேரும் கை தட்டுனாங்க. அந்தச் சால்வை இன்னும் பீரோவுல மடிச்சபடி இருக்குதுங்.

மொத நாளு ஒருத்தி அழுதான்னு சொன்னேனே, அவ பேரு ரிங்கி. புருசன் பிரமோது, அயனிங் செக்சன்ல வேலை. அவளும் அங்கயேதான் பிசிறு வெட்டற வேலை. கொழந்தை பேரு கோலு. மூணு வயசு, வட்ட மூஞ்சி, கண்ணு நெறைய மை. முடி பொடனியத் தாண்டி முதுகுல தொங்கும். நான் கொஞ்ச நாளு பொட்டப்புள்ளைன்னே நெனச்சுட்டு இருந்தேன். துளசிமணி கழுவி வுடறப்பப் பாத்துட்டு, "டீச்சர், இது பையனுங்!"கறா. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலி எடுத்துருச்சு.

அவன் என்னைய வுட்டு நகரவே மாட்டானுங்க. சேலை நுனியப் புடிச்சுக்கிட்டே திரிவான். எனக்கும் அவன் மேல உசுருதான். ஏன்னா என்ற பேரனும் அதே வயசு. தர்ஷித்துன்னு பேரு, பெங்களூருல இருக்கறான். வருசத்துக்கு ரெண்டு தடவை கண்ணுல காட்டுனாப் பெருசு. அவனுக்கும் அப்ப முடி நீளமாத்தான் இருந்துது. எங்க கொலதெய்வம் அங்காளம்மனுக்கு வுட்ட முடி. போன்ல வீடியோவுல பாத்துப் பாத்து, இங்க கோலு தலையத் தடவிக்குவேன். அந்தப் பேச்சுக்கு அப்பறம் வாரேன்.

ரிங்கிக்குத் தமிழ் சுத்தமா வராது. ஆனாலும் வாய் மூட மாட்டா. தெனமும் காலைல கொழந்தைய வுடறப்ப என்னமோ சொல்லுவா. அவன் முடியத் தொட்டுக் காட்டுவா. கையெடுத்துக் கும்புடுவா. வடக்கால கை நீட்டுவா. முந்தானைய விரிச்சு ஏந்திக் காட்டுவா. ரெண்டு வெரலக் காட்டி, மேல காட்டிக் கண்ணத் தொடச்சுக்குவா. ஊமைப்படமாட்ட இருக்குமுங். எனக்கு அங்க அடுப்புல கொழுக்கட்டை வெந்துட்டு இருக்கும், நின்னு பாக்க முடியுமா? சரி, சரி, போ, நான் பாத்துக்கறேன்னு தலையாட்டி அனுப்பிப்போடுவேன். நான் சரின்னதும் அவ மூஞ்சியில அப்பிடியொரு நிம்மதி வருமுங். வெள்ளந்திப் பொண்ணு.

இப்பிடி நல்லாத்தான் போயிட்டு இருந்துது. அப்பத்தான் வந்துது கெரகம். பேன்.

எங்க வார்டு மெம்பர் சம்சாரம் சுகந்தின்னு ஒருத்தி. ஊர்க்காரங்கள்ல அவ ஒருத்திதான் அப்ப இன்னும் புள்ளைய எங்ககிட்ட அனுப்பிட்டு இருந்தா. மெம்பர் வீட்டுக் கொழந்தையே வருதுன்னா நமக்கு ஒரு மருவாதி பாருங்க. ஒரு நாளு அவ வந்தா அம்மிணி, வாசல்ல நின்னு காட்டுக் கத்து கத்தறா. "இந்திக்காரன் தலையில இருக்கற பேனெல்லாம் என்ற புள்ளை தலைக்கு வந்துருச்சு. அவன நிறுத்தறியா, இல்ல நான் என்ற புள்ளைய நிறுத்திக்கட்டுமா"ங்கறா. மெம்பர் சம்சாரம் வாயத் தொறந்தா ஊரே கேக்கும். நான் என்ன பண்ணட்டும்?

நிறுத்த எனக்கு மனசு வருமுங்களா? கூப்பிட்ட கொழந்தைய வெளிய போன்னு சொல்ற பொறப்பில்ல நான். அதனாலதான் அந்த முடிவுக்கு வந்தேன். முடியத்தான வெட்டணும். கையவா காலவா வெட்டறோம்?

துளசிமணி ஒரு இழு இழுத்தா. "அவிக அம்மாள ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாமுங்களே டீச்சர்"னா. "கேட்டா அவளுக்கு வெளங்கப் போகுதா? அவ பாட்டுக்குக் கையக் காலக் காட்டிட்டு நிப்பா. நல்லது பண்றதுக்கு எதுக்குடி உத்தரவு"ன்னு அவ வாய அடைச்சுப்போட்டேன். சார்ட் வெட்டற கத்திரி இருந்துது. கோலுவ முக்காலியில உக்கார வெச்சேன். அதுவரைக்கும் சிரிச்சுட்டு இருந்தவன், கத்திரியப் பாத்ததும் ரெண்டு கையாலயும் தலையப் பொத்திக்கிட்டான். துளசிமணி கையப் புடிச்சுக்கிட்டா. வாயில ஒரு சத்துமாவு உருண்டைய வெச்சேன். அதத் துப்பிட்டு அழுதான் பாருங்க, என்னமோ கொலை பண்ற மாதிரி. நான் எத்தனை பதனமா வெட்டுனேன்னு துளசிமணியக் கேளுங்க. ஒரு கீறல் விழுகல. வெட்டி, தலைக்குத் தண்ணி ஊத்தி, தேங்காய் எண்ணெய் வெச்சுச் சீவி வுட்டேன். அடடா, ராசாவாட்டம் இருந்தான். இப்பத்தான் நம்மூர்ப் பையனாட்ட இருக்கறான்னு சொல்லி போட்டோ கூடப் புடிச்சேன். முடியத் துளசிமணி கூட்டி அள்ளிப் பின்னால குப்பைமேட்டுல போட்டு, வேப்பஞ் சருகோட சேத்துக் கொளுத்திட்டா. பேன் இருக்குதல்லங்க, வேறென்ன பண்றது?

சாயங்காலம் ரிங்கி வந்தா. ஓடி வந்து கும்புட்டு, டீச்சர் நல்லாப் பண்ணுனீங்கன்னு சொல்லுவான்னு நான் நிக்கறேன். அவ கொழந்தையப் பாத்தா. பக்கத்துல வந்து அவன் தலைய ரெண்டு கையாலயும் தடவிப் பாத்தா, கண்ணு தெரியாதவ தடவற மாதிரி. அப்பறம் சட்டுனு கீழ உக்காந்து தரையில தேட ஆரம்பிச்சா. பாய எடுத்து உதர்றா, மூலையில கை வுட்டுத் துளாவறா. முக்காலிக் கால்ல ரெண்டு முடி ஒட்டியிருந்துது, அத எடுத்து முந்தானையில வெச்சுக்கிட்டா. என்னையப் பாத்து, மிச்சம் எங்கன்னு கையால கேட்டா. துளசிமணி பின்னால கை காட்டுனா. அவளுக்கு வாய் மட்டுமில்ல, கையும் சும்மா இருக்காது.

குப்பைமேட்டுல போயி உக்காந்துட்டாளுங்க. சாம்பல் இன்னும் சூடாத்தான் இருந்துது. அதுல கைய வுட்டு, கருகுனது கருகாததுன்னு ஒண்ணொண்ணாப் பிரிச்சுப் பாக்கறா. கெடைக்கலீங். கடைசில அந்தச் சாம்பலையே ஒரு குத்து அள்ளி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, கொழந்தையத் தூக்கிட்டுப் போயிட்டா. என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல. எனக்குக் கோவம்னா கோவம். முடிக்குப் போயி இந்தக் கூத்தா? பேன் பாத்து, எண்ணெய் வெச்சு வுட்டவளுக்கு ஒரு நல்ல வார்த்தை கெடையாதா?

அடுத்த நாளு சந்தோசுன்னு ஒரு மேஸ்திரி வந்தான். அவனும் பீகாருதான், இங்கயே வந்து வெகு காலமாச்சு, தமிழ் பேசுவான். கூட பிரமோது கையக் கட்டிட்டு நின்னான். சண்டைக்குத்தான் வந்துருக்கறாங்கன்னு நான் சேலைய இழுத்துச் சொருகிட்டு நின்னேன். சண்டையே போடலீங். மேஸ்திரி மெதுவாச் சொன்னான்: "டீச்சர், இவங்களுக்கு முன்னால ரெண்டு பிள்ளை பொறந்து செத்துப் போச்சு. மூணாவது இவன். இவன் தங்கினா மொத முடிய ஊர்த் தேவிக்குக் குடுக்கறதா வேண்டிக்கிட்டாங்க. அதுவரைக்கும் கத்தி படக்கூடாது. அடுத்த மாசம் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாச்சு. அங்க இவனோட அத்தை உக்காந்து முந்தானையில முடிய ஏந்தணும். ஒரு முடி கீழே விழக்கூடாது, டீச்சர். அவ்வளவுதான்."

எனக்குத் தெரியுமுங்களா இது? நீங்களே சொல்லுங்க. "இத மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன"ன்னு கேட்டேன். "தினமும் சொன்னாங்களாம். நீங்க சரின்னு சொன்னீங்களாம்"கறான்.

சரின்னா புரிஞ்சுதுன்னு அர்த்தமா? சந்தைக்குப் போனாலும் சரிங்கறோம், சாவுக்குப் போனாலும் சரிங்கறோம். அவிகளுக்கும் கொலதெய்வம், வேண்டுதல், மொட்டையெல்லாம் இருக்கும்னு ஆரு கண்டா? அவிகபாட்டுக்கு வந்து வேலை செய்யறாங்க, ரொட்டி திங்கறாங்க, போறாங்கன்னுதான நெனைக்கறோம். பிரமோது என்னமோ கேட்டான். மேஸ்திரி சொன்னான்: "கொஞ்சம் முடியாவது இருக்கான்னு கேக்கறான்." இல்லைன்னு கைய விரிச்சேன். அவன் தலையக் குனிஞ்சு என்னையக் கும்புட்டுட்டுப் போனான். எதுக்குக் கும்புட்டான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலீங்.

அதோட சரி. மறுநாளு லைன் வீட்டுல இருந்து ஒரு கொழந்தை வரல. கோலு மட்டுமில்ல, ஒண்ணுகூட வரல. ஒரிசாக்காரங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அவிகளும் வரல. கொழுக்கட்டைய அவிச்சு வெச்சுட்டு நானும் துளசிமணியும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருந்தோம்.

நான் ரோசக்காரி இல்லீங். மறுபடியும் போனேன். பூவெடுத்துட்டு, குங்குமம் எடுத்துட்டு, லைன் வீட்டுக்கு. வாசல்ல வெளையாடிட்டு இருந்துதுக அத்தனை கொழந்தையும். நான் பாட்டுச் சொல்லிக் குடுத்த கொழந்தைக, என்ற கையால ஊட்டி வுட்ட கொழந்தைக. ஆவோ, ஆவோன்னு சிரிச்சுட்டே போறேன். என்னையப் பாத்ததும் ஒண்ணு ரெண்டு கையாலயும் தலையப் பொத்துச்சு. அதப் பாத்து அடுத்தது பொத்துச்சு. அத்தனையும் தலையப் பொத்திக்கிட்டு வீட்டுக்குள்ள ஓடிருச்சுக. கதவச் சாத்துற சத்தம் டப்பு டப்புனு கேக்குது. இதுதான் நான் பழக்குன பழக்கத்துக்கு மருவாதியா? நடுரோட்டுல பூத்தட்டோட நிக்கறேன். எனக்கு அழுகை வந்துருச்சு. அவமானமுங்க.

அந்த ரிங்கி வீடு பூட்டியிருந்துது. கோலுவுக்குக் காச்சல், வுடவே இல்ல, பயந்துக்கிட்டு முன்னாலயே ரயிலேறிட்டாங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. சாம்பலையாவது தேவிக்குக் குடுத்துப் பாக்கறோம்னு போயிருக்கறாங்க. அதுக்கப்பறம் அந்தக் கொழந்தை என்னாச்சுன்னு தெரியலீங். மேஸ்திரியக் கேட்டா, தெரியாதும்பான், மூஞ்சியத் திருப்பிக்குவான். முடி வெட்டுனாக் காச்சல் வருமுங்களா அம்மிணி? நான் பிளஸ் டூ படிச்சவ. ஊருக்கெல்லாம் தடுப்பூசியப் பத்திச் சொல்லிக் குடுக்கறவ. இந்த மூடநம்பிக்கையெல்லாம் என்கிட்ட வேகாது. மார்கழிப் பனி, அதுக்குக் காச்சல் வந்துருக்கும். பழி மட்டும் எனக்கு.

இத்தனைக்கும் அந்த மெம்பர் சம்சாரம் என்ன பண்ணுனான்னு நெனைக்கறீங்க? அடுத்த மாசமே புள்ளைய மஞ்ச வேன்ல ஏத்திட்டா. "கொழந்தைகளே இல்லாத பால்வாடிக்கு எதுக்கு அனுப்பறது?"ன்னாளாம். ஆருக்காகச் செஞ்சேனோ அவளே கைய வுட்டுட்டா. சூப்பர்வைசரம்மா வந்து வெறும் பாயப் பாத்தாங்க. சால்வை போத்துன அதே கையால பூட்டுப் போட்டுட்டாங்க. துளசிமணிய வேற சென்டருக்கு மாத்திட்டாங்க, அவளும் இப்ப என்கூடப் பேசறதில்ல. சுவத்துல என்ற மயிலு, யானை எல்லாம் உள்ளயே இருக்குதுங்க, பூட்டுக்குள்ள.

நல்லது நெனச்சதுக்கு எனக்குக் கெடைச்சது இதுதான்.

என்னுங்க? பைக்குள்ளயா? அதச் சொல்றேன்னு சொன்னேனல்ல. அது வேற வயித்தெரிச்சல். என்ற மருமக பண்ணுன வேலை. பேரனுக்கு அங்காளம்மன் கோயில்லதான் மொதல் முடி எடுக்கணும்னு பொறந்த அன்னைக்கே சொன்னேன். அஞ்சு தலைமொறையா எங்க வூட்டுக் கொழந்தைக முடி அந்த மண்ணுலதான் எறங்கியிருக்குது. போன்ல கூப்படறப்பல்லாம் சொல்லுவேன். சரிங்கத்தை, சரிங்கத்தைம்பா. வாய் வலிக்க வலிக்கச் சொன்னேன், அத்தனைக்கும் சரின்னாளே! போன மாசம், அங்க கொழந்தைகள வுடற எடத்துல முடி கண்ணுல விழுகுதுன்னு சொன்னாங்களாம், கடைக்குக் கூட்டிட்டுப் போயி ஒட்ட வெட்டிட்டு போட்டோ அனுப்பறா. "கியூட்டா இருக்கறான் பாருங்கத்தை"ங்கறா. சரி சரின்னு தலையாட்டிட்டு இப்பிடிப் பண்ணிப்போட்டாளே, இவளெல்லாம் ஒரு மனுசியா? ஒரு குடும்பத்தோட சாமிமுடியில கை வெக்க இவளுக்கு என்ன தைரியம்?

அன்னைல இருந்து கொழந்தைக்குக் காச்சலுங்க. வுட்டு வுட்டு வருது. டாக்டரு மருந்து குடுக்கறாரு, நிக்க மாட்டேங்குது. நிக்குமா? அங்காளம்மா சும்மா இருப்பாளா?

போட்டோ வந்த அன்னைக்கே நான் என்ற பையனப் போன்ல புடிச்சு அழுத அழுகையில, அவன் ராவோட ராவா அந்தக் கடைக்குப் போயிருக்கறான். கூட்டிக் குப்பைக்கூடையில போட்டுட்டாங்களாம். கூடையக் கொட்டி, கீழ உக்காந்து, அத்தனை பேரு முடியிலயும் என்ற பேரன் முடிய ஒண்ணொண்ணாத் தேடிப் பொறுக்கிக் கவருல போட்டு அனுப்பியிருக்கறான். கடைக்காரங்க சிரிச்சாங்களாம். சிரிச்சாச் சிரிக்கட்டும். பெத்தவனுக்குத்தான தெரியும் அந்த வேதனை. அதத்தான் மஞ்சத்துணியில முடிஞ்சு எடுத்துட்டுப் போறேன். தாயே, தெரியாமப் பண்ணிப்போட்டாங்க, இதையாச்சும் ஏத்துக்கன்னு அவ காலடியில வெச்சுக் கேக்கப் போறேன். அதுதானுங்க கீழ வெக்க வேண்டாம்னேன். கீழ படக்கூடாது பாருங்க.

என்னுங்க? அந்தப் பையனும் இதுவும் ஒண்ணுதானேன்னு கேக்கறீங்களா? அதெப்பிடிங்க ஒண்ணாகும்? அது வேற, இது வேற. அது பேன் புடிச்ச தலை.

சரி வுடுங்க, எறங்கற எடம் வந்துருச்சுங்களா உங்களுக்கு? இன்னும் இல்லியா? அப்பறம் எதுக்கு எந்திரிக்கறீங்க? சித்தெ உக்காருங்க. கொழந்தையக் குடுங்க, நான் வெச்சுக்கறேன், எத்தனை கொழந்தைய எடுத்த கை இது. அட, ஏனுங், எதுக்கு அது தலையக் கையால பொத்திக்கறீங்க? காத்து அடிக்குதுங்களா? இருங்க, ஜன்னலச் சாத்தறேன்.